வடிகட்டியில் தங்கிவிடும் கூட்டாளி

கொள்ளு ரசம் வைக்கிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தண்ணீரை ரசத்துக்கு இறுத்தபிறகு, வெந்த கொள்ளு எங்கே போகிறது? சிலர் "சுண்டல் பண்ணிடுவோம்" என்பார்கள். கொங்குப் பக்கத்துக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கடைஞ்சு சோத்துல போட்டுக்குவோம், வேறென்ன பண்ணுவாங்க?" என்பார்கள். மற்றவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். "பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுடுவோம் சார். ரசத்துலதான சத்து எல்லாம் இறங்கிடுதே?"

இறங்கவில்லை. உடம்பு இளைக்க வேண்டுமென்று ரசம் குடிக்கிற மனிதருக்குக் கிடைப்பது சாறு. இளைக்க வேண்டிய அவசியமே இல்லாத மாட்டுக்குக் கிடைப்பது புரதமும் நார்ச்சத்தும், தோலோடு ஒட்டிய துவர்ப்புப் பொருட்களில் பெரும்பங்கும். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரப்போகிறது.

இதுவரை மஞ்சள், மிளகு, வெந்தயம், கிரீன் டீ என்று தனித்தனியாகப் பார்த்தோம். ஆனால் யாரும் மஞ்சளைத் தனியாகத் தின்பதில்லை. ஒரு தட்டுச் சாப்பாட்டில் நூற்றுக்கணக்கான தாவரச் சேர்மங்கள் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போகின்றன. அவற்றில் சில ஒன்றுக்கொன்று கை கொடுக்கும், சில ஒன்றின் காலை இன்னொன்று வாரிவிடும். ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டுக்கு மேல் பலன் தந்தால் அதைக் கூட்டு விளைவு என்கிறோம். பருப்பும் காயும் சேர்ந்து வேகும் பதார்த்தத்துக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே அந்தப் பெயர்தான்.

கூட்டு விளைவு என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது மஞ்சளும் மிளகும். இதில் உண்மை இருக்கிறது, அளவைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மஞ்சளின் குர்க்குமினைக் குடல் சுவரும் கல்லீரலும் நெடுநேரம் உள்ளே விட்டுவைப்பதில்லை. ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி, வெளியேற்ற வேண்டிய சரக்கு என்று முத்திரை குத்தி அனுப்பிவிடும். மிளகின் பைப்பரின் அப்படி முத்திரை குத்துகிற கையைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கிறது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்தார்கள். 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்க்குமின் 20 மடங்கு கூடியது. இன்றைக்கு மஞ்சள்–மிளகு மாத்திரை விற்கிறவர்கள் எல்லாரும் காட்டும் எண் இதுதான்.

இதைச் சமையலறைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். மிளகில் பைப்பரின் சுமார் 5 சதவீதம். 20 மில்லிகிராம் வேண்டுமென்றால் அரை கிராமுக்கும் குறைவான மிளகு, அதாவது எட்டு ஒன்பது மிளகு போதும். ஒரு தம்ளர் மிளகு ரசத்திலேயே அது வந்துவிடும். மஞ்சள் கதையோ வேறு. மஞ்சள் தூளில் குர்க்குமின் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 2 கிராம் குர்க்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். குழம்புக்குக் கால் டீஸ்பூன் போடுகிற வீட்டில், ஒருவர் பங்குக்கு அரை கிராம் வந்தாலே அதிகம். ஆக மிளகு தன் பங்கைச் சரியாகக் கொண்டுவருகிறது, மஞ்சள் நூறில் ஒரு பங்கோடு வந்து நிற்கிறது. இருபது மடங்கு பெருக்கினாலும் சிறிது சிறிதுதான். குழம்பில் மஞ்சள் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மஞ்சள் போட்டதை நம்பி இன்னும் இரண்டு பூரி போட்டுக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது வகைக் கூட்டு இன்னும் அழகானது. உடம்பு சூட்டையும் கொழுப்பு எரிவதையும் கூட்டும் நோரட்ரீனலின் என்ற சுரப்பைக் கட்டுப்படுத்த இரண்டு தடைகள் உண்டு. ஒரு நொதி அந்தச் சுரப்பையே சிதைக்கும். இன்னொரு நொதி, அந்தச் சுரப்பு செல்லுக்குள் எழுப்பிய செய்தியை அழிக்கும். கிரீன் டீயில் உள்ள ஈஜிசிஜி முதல் நொதியையும், காபீன் இரண்டாவது நொதியையும் தளர்த்துகின்றன. 1999இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பத்து ஆண்களை வைத்து இதைப் பார்த்தார்கள். வேளைக்கு 90 மில்லிகிராம் ஈஜிசிஜியும் 50 மில்லிகிராம் காபீனும் கொண்ட கிரீன் டீச் சாரத்தை மூன்று வேளை கொடுத்தார்கள். 24 மணி நேரத்தில் அவர்கள் செலவழித்த ஆற்றல் 4 சதவீதம் கூடியது. அதே அளவு காபீனை மட்டும் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. கூட்டு விளைவுக்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் பார்த்ததில்லை.

சரி, 4 சதவீதம் என்றால் எவ்வளவு? ஏறத்தாழ 80 கிலோகலோரி. ஒன்றரை இட்லி. அதுவும் கட்டுப்பாடான அறைக்குள், ஒரே நாளில். வெளியே வந்து மாதக்கணக்கில் கிரீன் டீ குடித்தவர்களின் கதையை 2012இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளில், குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் இருந்த எடை வித்தியாசம் சராசரியாக 40 கிராம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சாவிக்கொத்து அதைவிடக் கனமாக இருக்கும்.

மூன்றாவது வகையில், ஒவ்வொரு சேர்மமும் ஒவ்வொரு இடத்தில் தாக்குகிறது. கொழுப்புச் செல் பிறக்கிறது, வளர்கிறது, கொழுப்பைச் சேர்க்கிறது, சாகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு சோயாவின் ஜெனிஸ்டீன், வெங்காயத்தின் குவெர்செட்டின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால் மூன்றையும் வளர்ப்புத் தட்டில் இருந்த கொழுப்புச் செல்கள் மேல் சேர்த்து ஊற்றிப் பார்த்தது. மூன்றும் தனித்தனியாகச் செய்ததைவிடச் சேர்ந்து அதிகம் செய்தன. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் வளர்ப்புத் தட்டுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை, முத்திரை குத்த ஆளும் இல்லை. "கொழுப்புச் செல்லை அழிக்கும்" என்று விளம்பரத்தில் வந்தால், எந்தத் தட்டில் என்று கேளுங்கள்.

மேலே சொன்ன மூன்றிலும் சிறிய மூலக்கூறுகளைத்தான் பார்த்தோம். பெரிய ஆளை இதுவரை மேடைக்கே அழைக்கவில்லை. நார்ச்சத்துதான் அது. அதற்குக் கவர்ச்சியான பெயர் கிடையாது, நம் ஊரில் அதன் பெயரே சக்கை.

தாவர உணவில் உள்ள துவர்ப்பு, நிறப் பொருட்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பலவும் நாரோடு பிணைந்தே இருக்கின்றன. நார் எங்கே போகிறதோ அங்கேயே அவையும் போகும், அதாவது பெருங்குடலுக்கு. அங்கே காத்திருக்கும் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கும், துவர்ப்புப் பொருட்களையும் உடல் ஏற்கும் சிறு துண்டுகளாக வெட்டும். அந்த அமிலங்கள் குடல் சுவரிலுள்ள சில செல்களைத் தட்டினால், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கும். நார் வண்டி என்றால் மற்றவை அதில் ஏறி வருகிற பயணிகள். சாறு பிழிந்து சக்கையைக் கொட்டும்போது வண்டியையே விற்றுவிட்டுப் பயணிகளை நடுவழியில் இறக்கிவிடுகிறோம்.

ஜிஎல்பி-1 என்றதும் சிலருக்கு எடை குறைக்கும் ஊசி ஞாபகம் வரும். ஆமாம், அந்த ஊசிகள் போலி செய்வது இந்த ஹார்மோனைத்தான். உடனே "இயற்கை ஊசி" என்று கீரைக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். உடம்பு சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். செமாகுளூடைடு ஊசி மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கீரை அந்த வேலையைச் செய்யாது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டாவது தடவை சோறு கேட்கும் கையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். எடை ஏறாமல் காப்பதற்குப் பல வருடங்களில் அந்தத் தாமதம் போதும், ஏறிவிட்ட இருபது கிலோவை இறக்குவதற்குப் போதாது. இந்தப் புத்தகம் முதல் வேலைக்கானது.

நாரைப் பற்றி ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. கேரளத்து மீன் குழம்பில் போடும் குடம்புளியில் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் உண்டு. மாவுச்சத்தைக் கொழுப்பாக்கும் ஒரு நொதியை அது தடுப்பது சோதனைக்குழாயில் உறுதியான விஷயம். அதை வைத்து உலகம் முழுக்க 'கார்சினியா' மாத்திரைகள் விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். 1998இல் நியூயார்க்கில் 135 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளைக்கு 1,500 மில்லிகிராம் அந்த அமிலமும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. மருந்தால் பலனில்லை என்று செய்திகள் முடித்துக்கொண்டன. இரு தரப்பும் எதனால் இளைத்தார்கள் என்று பார்க்க மறந்துவிட்டார்கள். இரு தரப்புக்கும் சொல்லப்பட்டிருந்தது ஒரே சாப்பாடு: நார் அதிகம், கலோரி குறைவு.

கூட்டு விளைவுக்கு நல்லது கெட்டது தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சீன மருத்துவத்தில் மா ஹுவாங் எனப்படும் எபிட்ரா செடியின் எபிட்ரினையும் காபீனையும் சேர்த்து அமெரிக்காவில் எடைக் குறைப்பு மாத்திரைகள் சக்கைப்போடு போட்டன. அந்தக் கூட்டு உண்மையிலேயே வேலை செய்தது, எடை குறைந்தது. அதே கூட்டு இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. 2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் 23 வயது வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலால் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். அவர் எபிட்ரா மாத்திரை எடுத்துவந்திருந்தார். மறு ஆண்டு எபிட்ரா கலந்த துணை உணவுகளை அமெரிக்கா தடை செய்தது. கிரீன் டீயிலும் கோப்பைக்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் உண்டு. மாத்திரை வழியாக நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறியதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. "மூலிகைதானே, என்ன பண்ணிடும்?" என்று கேட்பவர்கள், மூலிகை ஏதாவது பண்ணும் என்று நம்பித்தானே அதை வாங்குகிறார்கள்?

மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். குர்க்குமினுக்குக் கதவைத் திறந்துவிடும் பைப்பரின், வலிப்புக்கான பெனிடோயின், மூச்சிரைப்புக்கான தியோபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்பிரனலால் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றும். ரசத்து மிளகுக்குப் பயப்பட வேண்டாம், பைப்பரின் மாத்திரையை மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வெந்தயத்தையோ சிறுகுறிஞ்சானையோ கைநிறைய எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெந்நீரோடு விழுங்கிவிட்டு உடனே வெந்தயம் மென்றால், மாத்திரையின் ஒரு பங்கை வெந்தயத்தின் கொழகொழப்பு பிடித்துவைத்துக்கொள்ளும். வெந்தயத்தை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு எடை குறைப்பு மூலிகை எதுவுமே வேண்டாம்.

இனி அடுப்படிக்கு வருவோம்.

வெந்தயத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் நானே பல வருடம் தப்பாகச் செய்தது இது. இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெந்தயத்தைச் செடிக்குப் போடுவேன். செடி நன்றாக வந்தது. வெந்தயத்தின் பலத்தில் பெரும்பங்கு கேலக்டோமன்னன் என்ற கொழகொழப்பான நார். அது விதையோடுதான் இருக்கும், தண்ணீரில் இறங்குவது சொற்பம். அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், காலை உணவோடு 8 கிராம் வெந்தய நார் சாப்பிட்டவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு தெளிவாகக் கூடியது. ஒரு டீஸ்பூன் வெந்தயத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். அதனால் வெந்தயத்தை ஒற்றை ஆளாக நம்பாமல் மாவில் கலந்துவிடுங்கள். தோசை மாவுக்கு வழக்கமாகப் போடுவதைவிட இரண்டு பங்கு, வாரம் ஒருநாள் வெந்தயக் கீரைக் கூட்டு, மோரில் ஊறிய வெந்தயம் ஒரு டீஸ்பூன் என்று மூன்று வழியில் வந்தால் சேர்ந்துகொள்ளும்.

பழைய சோற்றைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி, செரிக்காத, நார் போல நடந்துகொள்ளும் மாவுச்சத்தாக மாறும். ஓர் ஆய்வில் 100 கிராம் புதுச் சோற்றில் 0.64 கிராமாக இருந்தது, ஒரு நாள் குளிரவைத்துச் சூடாக்கியபின் 1.65 கிராமானது. ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று சொன்னால் பிரமாதமாக இருக்கும், ஒரே ஒரு கிராம் என்று சொன்னால் சப்பென்று ஆகிவிடும். இரண்டும் உண்மை. பழைய சோற்றின் பெருமை அதோடு கடித்துக்கொள்ளும் ஐந்தாறு சின்ன வெங்காயத்தில் பாதி இருக்கிறது. வெங்காயத்தில் நுண்ணுயிர்களுக்குப் பிடித்த நாரும் இருக்கிறது, குவெர்செட்டினும் இருக்கிறது. குவெர்செட்டின் வெளி அடுக்குகளில்தான் அதிகம். உரிக்கும்போது காய்ந்த சருகோடு நின்றுகொள்ளுங்கள், நல்ல அடுக்கையும் சேர்த்துப் பிய்த்துவிடாதீர்கள்.

மதியச் சாப்பாட்டில் நான் சொல்லும் ஒரே மாற்றம் தட்டு நிரப்பும் வரிசை. காயும் பழமும் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 500 கிராம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. கரண்டி நுனியில் பொரியல் வைக்கும் பழக்கத்தில் அது நடக்கவே நடக்காது. கூட்டையும் கீரையையும் முதலில் தட்டில் பாதி நிரப்பி, நாலு வாய் அதையே சாப்பிட்டபின் சோற்றுக்குப் போங்கள். காய்க்கும் பருப்புக்கும் பிறகு மாவுச்சத்து போனால் சர்க்கரை ஏற்றம் குறைவது சோதித்துப் பார்த்த விஷயம். கீரையில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் இருக்கட்டும், கரோட்டின் கொழுப்பு இல்லாமல் உள்ளே போகாது. சாப்பிட்டு முடித்த கையோடு டீயோ கிரீன் டீயோ வேண்டாம். அதன் துவர்ப்பு கீரையின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துவிடும். காலை வாரிவிடும் கூட்டு என்று சொன்னேனே, அது இதுதான். ஒரு மணி நேரம் போகட்டும். கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்புக்கு அது உதவிக்கு வரும்.

சிறுகுறிஞ்சான் இலையை ஒரு விளையாட்டாகவாவது ஒருமுறை மென்று பாருங்கள். நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை அது அடைத்துவிடும். அரை மணி நேரத்துக்குச் சர்க்கரை, மணல் போல இருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போகுமுன் மென்றுவிட்டுப் போனேன். எல்லாரும் மெச்சிய பாயசம் எனக்குக் கொழகொழத்த கஞ்சி. எடை குறைந்ததோ இல்லையோ, இனிப்பை எடுத்துவிட்டால் பாயசத்தில் என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

நாரை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். நாளைக்கு 30 கிராம் என்பது இலக்கு. நம்மில் பலர் அதில் பாதியில் நிற்கிறோம். ஒரே வாரத்தில் தாண்டினால் வயிறு ஊதி, வாயு பிரிந்து, வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு விட்டுவிடுவீர்கள். நுண்ணுயிர்கள் பழக இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். தண்ணீர் கூடக் குடியுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க எடை பார்க்கும் இயந்திரத்தைவிடத் தையல்காரர் டேப் நல்லது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வில், நாட்டில் பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் என்று வந்தது. எடை சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்கு வயிறு சரியில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபடி அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் டேப் ஏமாறும், உடம்பு ஏமாறாது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். மாதம் ஒருமுறை போதும்.

கடைசியாக, மாட்டிடமிருந்து கொள்ளை மீட்கும் வழி. நாலு பேருக்கு 100 கிராம் கொள்ளு. கல் பொறுக்கி, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் புதுத் தண்ணீர் நாலு தம்ளர் விட்டுக் குக்கரில் ஆறேழு விசில். விரலால் நசுக்கினால் தோல் உட்பட மசிய வேண்டும், தோல் தனியாக வழுக்கினால் இன்னும் இரண்டு விசில். செம்பழுப்பாக இறங்கிய தண்ணீரை இறுத்து, புளி, தக்காளி, தட்டிய மிளகு–சீரகம்–பூண்டு சேர்த்து வழக்கம்போல ரசம் வையுங்கள். கொள்ளை ஆறவிட்டு, ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, சீரகம், இரண்டு வரமிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றை ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் வதக்கி, எல்லாவற்றையும் சட்டியில் போட்டு மத்தால் கடையுங்கள். மிக்சியில் அரைத்தால் மைபோல ஆகிவிடும். கடைந்தால் அங்கங்கே ஒன்றிரண்டாகப் பருப்பு நிற்கும், வாயில் மெல்ல ஏதாவது இருக்க வேண்டும். கொள்ளு சூடு என்று பயப்படுகிறவர்கள் மோரோடு சாப்பிடலாம். மிஞ்சியதை பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கல்லாக இறுகியிருக்கும். அந்த ரசத்திலேயே இரண்டு கரண்டி விட்டுச் சூடாக்கினால் இளகிவிடும்.